பஞ்சாலை முன்சீட்டு வென்ற பரணி

வாழி பஞ்சாலை! லுக்குட்டுக்கு அப்பால், வெள்ளையரின் அவசரகாலச் சட்டம் முள்வேலி மாலை சூட்டிய ரப்பர்ப் பால்மரப் பெருநாட்டில், விடியுமுன் பாலுக்கு மரப்பட்டை வெட்டி வெயிலேறுமுன் பால்வாளி சுமக்கும் வைரத்தோள் வீராங்கனையே, வாழி! தோட்டம் முழுவதிலும் ஓட்டு எனும் தெய்வப்படை இவள் ஒருத்தி கையில்தான் இருந்தது. இவளும் மறைந்த இவள் தாயும் இம்மண்ணில் பிறந்ததற்குப் பத்திரம் இருந்தது. மற்றவர்கள் பிறந்ததற்கு அவர்கள் உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டுத் தேர்தல் நாள் புலர்ந்தது. அந்த ஒற்றை ஓட்டை வாக்குச்சாவடிக்குச் சுமந்து செல்லக் குடைக்கட்சி லோரி, தோட்டத்துரையின் அனுமதியோடு உறுமி உள்ளே வந்தது. சேவல்கட்சி லோரியை வேலி வாசலிலேயே காவல்காரன் மறித்துவிட்டான்.

அந்தோ! பஞ்சாலை ஏறுமுன், வெண்காற்சட்டை வேந்தன், விடிகாலையில் பேர்கூப்பிடும் பிரட்டுக்களப் பேரிடி, தோட்டக் கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி வேடிக்கை பார்க்கப் புறப்பட்டு முன்சீட்டில் அமர்ந்திருந்தார். கப்பலில் வந்த அவருக்கு ஓட்டில்லை. இல்லாவிட்டால் என்ன, எவன் லோரியானாலும் முன்சீட்டு கிராணிக்கு, பின்தட்டு ஜனத்துக்கு. பிறந்தது முதல் பஞ்சாலை அச்சீட்டைக் கண்டதெல்லாம் பின்தட்டுக் கம்பிவலை வழியே, ஏதோ ஒரு கிராணியின் பிடரியாகத்தான்.

"பின்னாடி எடம் கெடக்கு, ஏறு!" என்று முழங்கினார் கிராணி.

"ஓட்டு ஒங்களுக்கா எனக்கா, கிராணி ஐயா? ஓட்டு முன்னாடிதான் ஒக்காரும். எறங்குங்க லா!"

கதவுப்பிடியைக் கிராணி கோட்டைத் தாழெனப் பற்ற, படிக்கட்டில் பஞ்சாலை யானைக்காலென ஒரு கால் ஊன்ற, இஞ்சின் போர்முரசென அதிர, லயத்துப் பெண்கள் குலவையிட, வேலிக்கு அப்பாலிருந்து தகரக்குழாயில் சேவல்கட்சி கூவியது: "அக்கா! எங்க லோரில முன்சீட்டு காலி! தொடச்சே வெச்சிருக்கோம்!"

பஞ்சாலை வாசற்பக்கம் தலையைத் திருப்பினாள். கொஞ்சந்தான்.

லோரியோடு வந்த குடைக்கட்சித் தளபதி வீரமுத்து கிராணியின் கதவருகே கைகூப்பி ஓடிவந்தான். "சார், கால்ல விழறேன், எறங்கிருங்க! இருக்கறதே ஒரு ஓட்டு!"

மலை பெயர்ந்ததென, மாலைச் சூரியன் கடலில் விழுந்ததென இறங்கிய கிராணி, காய்ந்த ஒட்டுப்பால், ரப்பர்க் கட்டி என்று பேதமின்றி எல்லாம் நாறும் பின்தட்டில் வெண்காற்சட்டையோடு தொற்றினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, வெற்றித்திருமகளென முன்சீட்டில் எழுந்தருளினாள் பஞ்சாலை. செம்மண் சாலை அவள் காலடியில் விரிந்தது. காற்று நேராக முகத்தில் அடித்தது. அவளுக்கு முன்னால் எவன் பிடரியும் இல்லை. குடையா சேவலா என்று வழியெல்லாம் வீரமுத்து கெஞ்சியும், லுக்குட் வரை அவள் சாலையைத்தான் பார்த்தாள்.

அவள் ஓட்டுப் போட்டு வெளியே வருவதற்குள் லோரி கிராணியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவளும் கிராணியும் நடந்தே வீடு வந்தார்கள்.