இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே நம்பர்

லேப்டாப் திரையில் வந்த செய்தியைப் பூட்டுக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். குடும்பத்துப் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வைத்திருந்த பழைய பெட்டியில் இருப்பதெல்லாம் புதுப் பெட்டிக்கு வந்துசேர நாளை மதியம் ஆகும் என்று அது சொன்னது. மச்சான் வருவதோ இன்று சாயங்காலம்.

"நாளைக்கா? புதுசுன்னுதான் பேரு. இது என்ன இப்படி அசைஞ்சு அசைஞ்சு வருது" என்றார்.

"பழசுலயே போட்டுக் காட்டிட்டா என்ன?" என்று அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்.

"அது நடு நடுவுல நின்னு போகும். மச்சான் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றார். அப்பா பேசிக்கிட்டே இருக்கும்போது படம் நின்னா அவர் மனசு என்ன பாடுபடும்?"

காலையிலிருந்து மனைவிக்கும் கால் தரையில் நிற்கவில்லை. கூடத்துச் சோபாவை இரண்டு தடவை நகர்த்திவிட்டாள். அண்ணன் எங்கே உட்கார்ந்தால் டிவி நேராகத் தெரியும் என்று தானே உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள்.

அண்ணன் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர். அப்பா கண்ணை மூடியபோது நடுக்கடலில் இருந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னால், பால்கனி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்பா மகனுக்கென்று நாலு வார்த்தை பேசியதை மனைவி வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அது பூட்டுக்கடைக்காரரின் பெட்டியில் இருந்தது. போனில் இருந்ததை அவர் அழித்துவிட்டதால் அங்கே மட்டும்தான் இருந்தது.

ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் மச்சான் கெஞ்சிப் பார்த்தார். "மாப்ள, அந்த வீடியோவ அனுப்பி விடுங்களேன்."

"மச்சான், ஒரு தடவை வெளிய போச்சுன்னா அது நம்ம சொத்து இல்ல. ஊரான் கம்ப்யூட்டர்ல போய் உக்காந்துக்கும். நேர்ல வாங்க, கதவைச் சாத்திட்டுக் குடும்பமாப் பாப்போம்."

பூட்டு விற்றே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர் வேறு எப்படிப் பேசுவார்? செருப்பு அலமாரிக்குக்கூட அந்த வீட்டில் பூட்டு உண்டு. குடும்பத்துப் படம், வீடியோ அத்தனையும் இருந்த பெட்டியை அவர் இரும்பு அலமாரிக்குள் வைத்து, பின்னால் ஓட்டை போட்டு ஒயரை வெளியே இழுத்து, கடையிலேயே உயர்ந்த பூட்டாகப் பார்த்துப் போட்டிருந்தார். அன்றைக்குப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர் கடைத் தம்பி, பெட்டிக்குள்ளே ஒரு பாஸ்வேர்டும் போடட்டுமா என்று கேட்டான். "அலமாரிக்கே பூட்டு இருக்கு. உள்ள எதுக்கு இன்னொண்ணு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

இப்போது அந்த அலமாரி திறந்து கிடந்தது. பழசும் புதுசும் சாப்பாட்டு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழைய பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் இருப்பது அச்சு அசலாக மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். அந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

"ஒயர் வழியா ஊத்தறதாலதானே நேரமாகுது? ஒரு டிஸ்க்கையே கழட்டிப் புதுசுல சொருகிட்டா?" என்றார் திடீரென்று. இந்த யோசனை தோன்றியதும் அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அதற்கு முன்னால் செய்யவேண்டியதை முறையாகச் செய்தார். அவர் கடையில் பூட்டுக்கும் அதன் சாவிக்கும் மாற்றுச் சாவிக்கும் ஒரே நம்பர் ஒட்டுவது வழக்கம். ஒரே நம்பர் என்றால் ஒரே ஜோடி, குழப்பமே வராது. டிஸ்க்குகளும் ஜோடிதானே? இரண்டின் தலையிலும் ஒரே நம்பரை ஒட்டினார். பிறகு ஒன்றை உருவிப் புதுப் பெட்டியில் சொருகினார்.

திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பத்தி வந்தது. பூட்டோடு வரும் காகிதத்தைப் படிக்கிறவன் பூட்டுக்காரனே இல்லை என்பது அவர் கொள்கை. கீழே ஓகே இருந்தது. அமுக்கினார்.

பச்சை விளக்கு எரிந்தது. அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு படம்கூட இல்லை.

லேப்டாப்பை மூடித் திறந்து பார்த்தார், அப்படியேதான் இருந்தது. ஆனாலும் பயப்படவில்லை. இன்னொன்று பழைய பெட்டியில் பத்திரமாக இருக்கிறதே, ஜோடி எதற்கு இருக்கிறது?

அந்தச் சமயம் பார்த்துப் பழைய பெட்டி, ஜோடியைக் காணோமென்று கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"அது ஏன் அப்படிக் கத்துது?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சந்தோஷத்துல கத்துது. நீ போய் வேலையைப் பாரு."

கத்தலை நிறுத்த, கைக்கு அகப்பட்ட பிளக்கையெல்லாம் பிடுங்கினார். கத்தல் நின்றது. வைஃபையும் சேர்ந்து நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வாசல் மணி அடித்தது. மேல்வீட்டம்மா நின்றிருந்தார்.

"நெட் போயிடுச்சா? நல்ல கட்டத்துல நின்னு போச்சு."

"கட்டடம் முழுக்கவே போயிருக்கும்மா. வந்துடும்."

"அப்படியா? சரி. பொண்ணு ஹாஸ்டல்ல ஒழுங்காச் சாப்பிடறாளா? சின்ன வயசுல கீரையக் கண்டாலே துப்புவாளே" என்று சிரித்துக்கொண்டே மேல்வீட்டம்மா படியேறினார்.

பூட்டுக்கடைக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். "நம்ம பொண்ணு கீரை துப்பினது அவங்களுக்கு எப்படித் தெரியும்? குடி வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. வீட்டு விஷயத்தை வெளிய பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது" என்றாள் மனைவி. "அதை விடுங்க, பரண்மேல இருக்கற பெரிய பாத்திரத்தை எடுத்துக் குடுங்க. அண்ணனுக்கு நிறைய சமைக்கணும்."

கத்தின பெட்டியில் தூசி அடைத்திருக்கும், ஊதிவிட்டு மாட்டலாம் என்று அவர் அந்த டிஸ்க்கையும் உருவியிருந்தார். புதுசில் சொருகியதையும் பழசுக்கே திருப்பி மாட்டிவிடலாமென்று கழற்றி வைத்திருந்தார். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் பரணில் ஏறினார். பாத்திரத்தோடு இறங்கி வந்து பார்த்தால், மனைவி மேஜையைத் துடைத்து, இரண்டு டிஸ்க்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி வைத்திருந்தாள்.

அவர் ஒன்றை எடுத்தார். நம்பரைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதே நம்பர்.

"இதுல எது எங்க இருந்தது?"

"ரெண்டும் ஒரே நம்பர்தானே போட்டிருக்கு. எது எங்க இருந்தா என்ன?"

நியாயமான கேள்வி. அவர் கடையில் வேலை செய்கிறவர்களிடம் அவரே தினம் சொல்வதுதான். இரண்டையும் பழைய பெட்டியில் மாட்டி, பிடுங்கிய பிளக்கையெல்லாம் திரும்பச் சொருகினார். இரண்டும் ஒரே மாதிரி இல்லை, எதைப் பார்த்து எதை மாற்றட்டும் என்று பெட்டி கேட்டது. இடமா வலமா? வலது கை ராசியான கை என்பதால் வலதைத் தொட்டார்.

கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவு வேகமா என்று ஒரு கணம் பூரித்தார். மறுகணம் அந்த வேகத்தின் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. காலியானதைப் பார்த்து நிறைந்ததைக் காலியாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கம்ப்யூட்டர் கடைத் தம்பிக்கு போன் போட்டார்.

"பதறாதீங்க சார். வேற காப்பி எங்க வெச்சிருக்கீங்க?" என்றான் அவன்.

"வேற காப்பி வெச்சா அதை யாராவது எடுத்துட மாட்டாங்களா?"

"சார், இப்ப எடுக்கவும் ஒண்ணும் இல்லையே" என்றான் அவன்.

வெளியே வந்தபோது கூடத்தில் சிரிப்புச் சத்தம். மச்சான் வந்துவிட்டிருந்தார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல், தங்கை காட்டிய இடத்தில் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, சாப்பாடெல்லாம் அப்புறம். வர்ற வழியெல்லாம் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. மொதல்ல போடுங்க."

பூட்டுக்கடைக்காரர் மெல்ல நழுவி, யாரும் கவனிப்பதற்குள் சரசரவென்று இரண்டு பெட்டியையும் அள்ளி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து தொண்டையைச் செருமினார்.

"மச்சான், அலமாரி சாவியக் காணோம்."

"பூட்டுக்கடைக்காரர் வீட்டுலயா?" என்றாள் மனைவி.

"எங்கயோ வெச்சுட்டேன். தேடி எடுத்ததும் நாளைக்குப் பாத்துக்கலாம்."

"சாவி எதுக்கு? நான் எவ்வளவு பெரிய இன்ஜினைக் கழட்டி மாட்டறவன்" என்று மச்சான் உற்சாகமாக எழுந்தார். முதுகுப்பையிலிருந்து திருப்புளி, குறடு, சுத்தியல் எல்லாம் வெளியே வந்தன. கடலில் இருப்பவர்கள் மாற்றுச் சட்டை இல்லாமல் வந்தாலும் கருவி இல்லாமல் வரமாட்டார்கள் போலிருக்கிறது.

மச்சான் நெம்பினார். பூட்டு அசையவில்லை. தட்டினார், முறுக்கினார், காலை அலமாரியில் உதைத்துக்கொண்டு இழுத்தார். தங்கை விளக்கைப் பிடித்தாள். பூட்டுக்கடைக்காரர் சற்றுத் தள்ளியே நின்றார். ஆனாலும் ஒவ்வொரு அடியையும் தன் பூட்டு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

"என்ன பூட்டு மாப்ள இது, இப்படி அடம்பிடிக்குது?"

"நம்ம கடையிலேயே உயர்ந்தது மச்சான்" என்றார் அவர், தன்னை மறந்து.

மச்சான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்பா குரலைக் கேக்கப்போறேன்ல, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று மறுபடியும் சுத்தியலை எடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பூட்டுக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க மச்சான். சாவி என் இடுப்புலதான் இருக்கு. உள்ள மாமாதான் இல்ல."

நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஓகே அமுக்கினது, ஒரே நம்பர் ஒட்டினது, வலதைத் தொட்டது. மனைவியின் கையிலிருந்த விளக்கு மெல்லக் கீழே இறங்கியது. மச்சான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது பூட்டுக்கடைக்காரருக்கு. ஒரே ஒரு தடவை அனுப்பிவிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

"என்ன சொன்னார்னாவது சொல்லும்மா" என்றார் மச்சான் தங்கையிடம். அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வாசல் மணி அடித்தது. பூட்டுக்கடைக்காரர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். மறுபடியும் மேல்வீட்டம்மா.

"நெட் வந்துடுச்சு, ஆனா உங்க பெட்டியில ஒண்ணும் இல்லையே. அதான் கேக்கலாம்னு..." என்று ஆரம்பித்தவர், உள்ளே மச்சானைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து நேராக அவரிடம் போய்விட்டார். "கப்பல் தம்பியா? வந்துட்டீங்களா? 'நீ வரும்போது நான் தூங்கிட்டிருந்தா சும்மா போயிடாதடா, எழுப்பிட்டுப் போ'ன்னு அப்பா சொல்லும்போதெல்லாம் எங்க வீட்டுல ஒருத்தர் கண்ணும் காஞ்சிருக்காது."

மச்சான் அப்படியே அலமாரியைப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு அழுகை நின்றுபோய் வாய் பிளந்தது.

"அம்மா, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"குடி வந்த புதுசுல எங்க நெட் வேலை செய்யலேன்னு உங்க வீட்டம்மாதானே வைஃபை பாஸ்வேர்ட் குடுத்தாங்க? அன்னைலேருந்து டிவியப் போட்டா உங்க பெட்டி தானா வந்து நிக்குது. பூட்டு எதுவும் இல்லையே, எல்லாரும் பாக்கத்தான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்."

பூட்டுக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி சோபாவைப் பார்த்தாள்.

"இனிமே பாக்கறதுக்கு எதுவும் இல்லம்மா" என்றார் அவர். "எல்லாம் காணாமப் போயிடுச்சு."

"எங்க போகும்?" என்றார் மேல்வீட்டம்மா. "உங்க பெட்டி அப்பப்ப பாதியில நின்னுடுதேன்னு, மாடியில இருக்கற எல்லா வீட்டுலயும் ஆளுக்கொரு காப்பி எடுத்து வெச்சிருக்கோமே."