ஐந்து இடத்தில் நின்ற சித்தப்பாவுக்கு

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கால்களைத் தவிர மற்றபடி நான் நலம். தாங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று ஒரே நாளில் தங்களை ஐந்து இடத்தில் பார்த்தேன், ஐந்திலும் நலமாகத்தான் இருந்தீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சித்திக்கு என் அன்பு. அவர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சில்வர் பேப்பர் விஷயத்தில் அவர் எனக்கு உதவியே செய்திருக்கிறார். அது பின்னால் வரும்.

போனில் கேட்காமல் ரயிலில் உட்கார்ந்து தாளில் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீங்கள் "சரி சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவீர்கள். தாளில் அந்த வசதி கிடையாது. மேலும் என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆலை ஆலையாகப் போய் பிரஷர் மீட்டர், தராசு, வெப்பமானி எல்லாம் உண்மை சொல்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது யாராலும் முடியும். ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்கள் ஐந்து இடத்தில் நின்றீர்கள். ஏன்?

பழைய கதையிலிருந்து வருகிறேன். எனக்குப் 'பாதி' என்று பெயர் வைத்தவர் நீங்கள். நீச்சலைப் பாதியில் விட்டேன், கிடாரைப் பாதியில் விட்டேன், மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிக்கப் போய் நடுப்படியோடு நின்றேன். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அம்மாவே "பாதி, பால் வாங்கிட்டு வா" என்றால் நான் எவ்வளவு வாங்குவது? போகட்டும். அப்பாவின் பைப் கடைக்கு மேலே சும்மா கிடக்கும் அறையைக் கொடுத்தால் சொந்தமாக ஒரு சோதனைக்கூடம் வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்டபோது அப்பா, "ஒரு காரியத்தையாவது முழுசா முடிச்சிட்டு வா, சாவி தர்றேன்" என்றார். நானும் ரோஷத்தில், உங்கள் ஊர் மாரத்தானில் முழுத் தூரம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஓடிக் காட்டுகிறேன் என்றேன். அப்போது ஸ்பீக்கர் போனில் இருந்த நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டேய், அரை மாரத்தான்னு தனியா ஒண்ணு இருக்குடா, உன்னை மனசுல வச்சுத்தான் ஆரம்பிச்சிருக்காங்க." அப்பா சிரித்தார். கடைக் கணக்கப்பிள்ளை கூடச் சிரித்தார். நான் முடித்துவிட்டால் அந்தப் பெயரைக் குடும்பக் குரூப்பில் நீங்களே வாபஸ் வாங்க வேண்டும் என்றேன், "தாராளமா" என்றீர்கள். அந்தத் தாராளம்தான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் அந்த மாடி அறையில் இப்போது கிடப்பது உங்கள் பழைய சோபா, உங்கள் கட்டில், உங்கள் ஓடாத பிரிட்ஜ். நான் முடித்தால் எனக்கு அறை, உங்கள் சாமானுக்குத் தெரு. ஆக, நான் முடிக்காமல் இருப்பதில் ஆதாயம் உள்ள ஒரே ஆள் நீங்கள்தான்.

முதல் இடம், ஓட்டம் தொடங்கும் மைதானம். வேகமாக ஓடுபவர்களை முன்னால் விட்டு, எங்களைப் போன்றவர்களை ஆடு மாடு மாதிரி கடைசிக் கூண்டில் அடைத்திருந்தார்கள். வெளியூர் ஆள், மெதுவாக ஓடுகிறவன், இரண்டும் சேர்ந்தால் அந்த ஊரில் கழிப்பறைக்கு வழி கேட்டால்கூட மேலும் கீழும் பார்க்கிறார்கள். முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்து வெகு நேரம் கழித்துத்தான் எங்கள் கூண்டு அசைந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீங்கள், கையில் துணிப்பையோடு.

"பையில என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்லடா, உன் செருப்பு."

"ஓடப் போறவனுக்குச் செருப்பு எதுக்கு?"

"எங்கயாவது நின்னுட்டா வீடு வந்து சேர வேணாமா?"

இது உங்கள் வாய் வார்த்தை. நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

இரண்டாவது இடம், மேம்பாலம் இறங்கும் வளைவு. அதற்குள் எனக்கு ஒரு துணை கிடைத்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பெரிய தொப்பை, சின்ன டிராயர். "தம்பி வெளியூரா? பதறாம வா. நாம லாஸ்ட் டிரிப்பு, நம்மளை விட்டுட்டு யாரும் ஷெட்டுக்குப் போக முடியாது" என்றார். அவர் சொன்னது தப்பு. எங்களை விட்டுவிட்டு எல்லோருமே ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மேசைக்கு நாங்கள் போனால் தண்ணீர் இருக்கும், டம்ளர் இருக்காது. அடுத்த மேசையில் டம்ளர் இருக்கும், மேசையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். பின்னால் துடைப்பத்தோடு ஒரு படையே வந்து, நான் கால் எடுத்த இடத்தை உடனே பெருக்கியது. ஓரத்தில் நின்ற ஒரு அம்மா, இன்னும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் இருக்கும்போது, "அவ்ளோதான் தம்பி, வந்தாச்சு!" என்று கத்தினார். இப்படி அளவு காட்டும் மீட்டரை நான் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கழற்றி வைத்துவிடுவேன். அங்கே வளைவில் நீங்கள். கண்டக்டர் பார்த்த உடனே, "யாரு தம்பி அவரு, டிக்கெட் எடுக்காத ஆளு மாதிரியே முழிக்கிறாரு?" என்றார். முப்பது வருஷ சர்வீஸ், ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவார்.

மூன்றாவது இடம், சரிபாதித் தூரம், பூட்டிய பர்னிச்சர் கடை வாசல். இங்கேதான் நான் நின்று நேராகவே கேட்டேன், நினைவிருக்கிறதா?

"எப்படி சித்தப்பா எனக்கு முன்னாடியே வந்து வந்து நிக்கிறீங்க?"

"அதுல என்னடா இருக்கு? உன் நம்பரைப் போட்டா நீ எங்க இருக்கேன்னு போன்ல புள்ளி காட்டுது. நீ அடுத்த இடத்துக்கு வர்றதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு, பேப்பர் படிச்சிட்டு, பொறுமையா வந்துடலாம்."

கிண்டல் வேறு. ஆனால் அந்த ஒரு பதிலில் உங்கள் குட்டு உடைந்தது. என் ஷூ நாடாவில் மாரத்தான்காரர்கள் கட்டிவிட்ட பட்டையில் ஒரு சில்லு, அதாவது சிப், இருக்கிறது. சாலையில் ஆங்காங்கே விரித்திருக்கும் பாயை மிதித்தால் அந்தச் சில்லு பதில் சொல்லும், உங்கள் போனுக்குப் புள்ளி வரும். அதாவது என்னை வேவு பார்ப்பதற்கு என் காலிலேயே ஆள் வைத்திருந்தீர்கள். தொழில்நுட்பம் படித்தவனிடம் இந்த வேலை நடக்குமா? சித்தி கட்டிக்கொடுத்த பிரெட் சுற்றியிருந்த சில்வர் பேப்பரைப் பிரித்து, பிரெட்டைக் கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டு, பேப்பரை அந்தச் சில்லின் மேல் மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினேன். அவ்வளவுதான், ஊமையாகிவிட்டது. அடுத்த பாயை மிதித்தேன், 'பீப்' சத்தம் வரவில்லை. அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம் தந்த ஒரே விஷயம் அந்த மௌனம்தான். கடைசி வரைக்கும் அந்தப் பேப்பரை நான் எடுக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் கண்டக்டருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போகும் வேன் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவர் ஏறினார். உள்ளே காலி சீட் இருந்தும் உட்காரவில்லை. பழக்கதோஷம், படியிலேயே நின்று கதவைத் தட்டி "போலாம் ரைட்!" என்றார். வேன் என்னைத் தாண்டிப் போய்விட்டு, அடுத்த முனையில் எனக்காக இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தது. எனக்கு அந்த டிரைவர் மேலும் சந்தேகம்தான். இருந்தாலும் ஆதாரம் இல்லை.

நான்காவது இடம், கிடங்குகள் இருக்கும் நீளச் சாலை. ஒரு மரம் இல்லை, ஒரு ஆள் இல்லை, நானும் என் நிழலும்தான். இங்கே நீங்கள் நிற்கவில்லை. எல்லோரும் போன திசைக்கு எதிர்த்திசையில், வலது காலை இழுத்து இழுத்து, சட்டை நனைந்து ஒட்ட, ஒவ்வொரு கிடங்கின் வாசலிலும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். என்னைப் பார்த்ததும்,

"டேய்! புள்ளி நின்னுபோச்சுடா! எங்கடா போன?"

"எங்கயும் போகல. ஓடிட்டுதான் இருக்கேன்."

"இதுக்குப் பேரு ஓட்டமாடா? சரி சரி, தண்ணி குடி. வேன் வருது, ஏறிக்கறியா?"

ஏறிக்கறியா! இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு தாளும் செலவாகிறது. புள்ளி இருந்தவரை உட்கார்ந்த இடத்தில் வேவு, புள்ளி போனதும் நடையாய் நடந்து வேவு. "நீங்க வேணா ஏறிக்கங்க" என்றேன். அதற்கும் ஏறாமல் என் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு வந்தீர்கள். அதற்குள் டிராபிக் போலீஸ்காரர் வந்து, ரோடு திறந்தாகிவிட்டது, ஓரமா போங்க என்று எங்கள் இருவரையும் நடைபாதையில் ஏற்றிவிட்டார். உலகத்தில் எவனாவது சிக்னலில் நின்று நின்று மாரத்தான் ஓடியிருக்கிறானா? நான் சிவப்பில் தாண்டப் பார்த்தால் நீங்கள் பனியனைப் பிடித்து இழுத்து, "பச்சை விழட்டும்டா, உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றீர்கள். கால தாமதம் செய்யும் முயற்சி என்று இதைக் குறித்துக்கொண்டேன்.

கடைசி சிக்னலில் திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணவில்லை. ஏதோ ஒரு வண்டியில் தொற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். ஐந்தாவது இடம், முடியும் மைதானம். கூட்டம் இல்லை, மைக் இல்லை, போட்டோக்காரர் இல்லை. காற்று ஊதி நிற்க வைத்திருந்த வளைவிலிருந்து காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அது பாதி சாய்ந்து கிடக்க, அதன் நடுவில் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நீங்கள், பந்தல்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு. அந்த வளைவை நீங்கள் அழுத்தினீர்களா, தாங்கினீர்களா என்று தூரத்திலிருந்து என்னால் உறுதி செய்ய முடியவில்லை. 'அழுத்தினார்' என்றே பதிவு செய்கிறேன். நான் குனிந்து அதற்குள் நுழைந்து முடித்தேன். முழுதாக முடித்தேன் சித்தப்பா. மெடல் பெட்டி காலி. "தீர்ந்துடுச்சு சார், லிஸ்ட்ல பேர் இருந்தா கூரியர்ல வரும்" என்றான் ஒருவன். நீங்கள் பையைத் திறந்து செருப்பை எடுத்து என் காலடியில் வைத்தீர்கள். போட்டுக்கொண்டேன். இதமாக இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகவே, இந்தக் கடிதம் கண்ட உடனே பெயரைக் குரூப்பில் வாபஸ் வாங்கவும். சோபா, கட்டில், பிரிட்ஜ் மூன்றையும் எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பவும். பின்தொடர்ந்ததற்கு எழுத்தில் விளக்கம் தரவும். சித்தியின் உடம்பும் தங்கள் உடம்பும் நன்றாக இருக்கட்டும். வயதில் சிறியவன் என்பதால் காலில் விழுந்து வணங்குகிறேன். குனிய முடியாததால், எழுத்தில்.

இப்படிக்கு,
இனி பாதி அல்லாத,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: வீடு வந்துவிட்டேன், உறை இன்னும் ஒட்டவில்லை. அப்பா போனை நீட்டினார். அதில் என் நம்பருக்கு எதிரே சரிபாதித் தூரம் வரை பதிவு இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, 'வழியில் நின்றவர்' என்று போட்டிருக்கிறார்கள். "சில்வர் பேப்பர் சுத்தினேன்பா" என்றேன். அப்பா, "நீதானடா சொல்லுவ, மீட்டர் காட்டாதது நடக்காததுன்னு" என்று சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். அத்தை குரூப்பில், "பரவால்ல பாதி, பாதியாவது ஓடினியே" என்று பூப்போட்டு அனுப்பியிருக்கிறார். நிர்வாகிகளுக்கு எழுதினேன். நேரில் பார்த்த ஒருவர், எங்கெங்கே பார்த்தார் என்று இடம்வாரியாக எழுதிக் கையெழுத்திட்டால் திருத்துவார்களாம். என்னைப் பாதித் தூரத்துக்கு அப்புறம் கடைசி வரைக்கும் பார்த்தவர் இந்த உலகத்தில் ஒரே ஆள்தான். சித்திக்குப் போன் போட்டேன். முழங்கால் வீங்கிப் படுத்திருக்கிறீர்களாம், தோள்பட்டை வலியில் கையை மேலே தூக்க முடியவில்லையாம். ஆக, தாங்கித்தான் இருக்கிறீர்கள். மேலே 'அழுத்தினார்' என்று இருப்பதைத் திருத்திக்கொள்ளவும். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு மரியாதையாக வேறு எழுதலாம்தான். ஆனால் இடங்கள் எல்லாம் வரிசையாக இதில் இருக்கின்றன, திட்டியதை விட்டுவிட்டு மிச்சத்தைப் பார்த்து நீங்கள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதோடு, நான் முழுதாக முடித்த இரண்டாவது காரியம் இது, கிழிக்க மனசு வரவில்லை. சோபா அங்கேயே இருக்கட்டும், வருகிறவர்கள் உட்கார வேண்டுமே. காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

இப்போதைக்கு,
பாதி