இடியப்பத்துக்கு ஒன்றரை அவுன்ஸ்

லுணுகலைக்கு மேலே மலை முழுக்க எத்தனையோ தேயிலைத் தோட்டங்கள். எல்லாத் தோட்டத்திலும் குடிக்கிற ஆட்கள் உண்டு. ஆனால் தட்டில் என்ன கறி என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற சாராயத்தைக் கலந்த மனிதர் ஊவா மாகாணம் முழுவதற்கும் ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் மருந்தையா.

சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் அவரைக் குலுக்கையா என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரியில் மருந்துப் போத்தலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்றுவார். ஊற்றுவது எப்போதும் ஒரே ரோஸ் நிற மருந்து. காய்ச்சலா? ரோஸ் மருந்து. வயிற்றுப்போக்கா? அதே ரோஸ் மருந்து. பலா மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்ட ஒருவனுக்கும் முதலில் அதைத்தான் கொடுத்தார். தோட்டம் மாதத்துக்கு அனுப்பும் மருந்து பாதி மாதத்தில் முடிந்துவிடும். மிச்ச நாட்களுக்குக் குழாய்த் தண்ணீர் கைகொடுக்கும். ரோஸ் நிறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்தே சம்பள நாள் நெருங்கிவிட்டதை நாங்கள் தெரிந்துகொள்வோம்.

நூறு நோய்க்கு ஒரு மருந்து வைத்திருந்த இந்த மனிதர், தன் குசினிக்குள் நுழைந்துவிட்டால் ஒரு கறிக்கு ஒரு கலவை என்று ஆளே மாறிவிடுவார்.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஆபீஸ் கிளாக்கர் கட்டிலை எடுத்தார். டீமேக்கர் பெரிய கண்ணாடியை எடுத்தார். குலுக்கையா எடுத்தது மூடி போட்ட ஒரு வெள்ளிச் செம்பு.

“கோயிலுக்கா ஐயா?” என்றார் கிளாக்கர்.

“ஓம், வயித்துக் கோயிலுக்கு.”

அதற்குள் சாராயம், தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளி, கித்துள் பனைப் பாணி, இஞ்சிச் சாறு, கொடியில் காய்க்கும் கொடித்தோடம்பழத்தின் சாறு என்று ஊற்றிக் குலுக்குவார். சத்தம் தொழிலாளர் வீடுகளின் மூன்றாவது லயம் வரை கேட்கும். உலக யுத்த காலத்தில் இத்தாலி, எகிப்து, பிரான்ஸ் எல்லாம் சுற்றி, அந்தந்த நாட்டுக் குசினியிலேயே சமையல் படித்ததாகச் சொல்வார். அவர் பக்கத்துத் தியத்தலாவைப் பட்டாள முகாமைத் தாண்டியதில்லை என்று கிளாக்கர் சொல்வார். எங்களில் யாரும் இத்தாலி போனதில்லை. அதனால் இடியப்பத்தை உதிர்த்துத் தக்காளியும் மாசிக்கருவாடும் போட்டுப் பிரட்டியதுதான் இத்தாலிச் சாப்பாடு என்று அவர் சொன்னபோது மறுக்க ஆள் இல்லை. அதற்குக் கொடித்தோடம்பழம் சேர்த்த சாராயம், ஒன்றரை அவுன்ஸ். லீக்ஸும் உருளைக்கிழங்கும் அவித்துக் கடைந்தால் பிரான்ஸ். அதற்குத் தேசிக்காயும் பாணியும். கருவாட்டில் வினாகிரியும் சீனியும் போட்டால் சீனா. அதற்கு இஞ்சி. பருப்பை மட்டும் எந்த நாட்டோடும் சேர்க்கவில்லை. பருப்புக்குத் தண்ணீர் போதுமாம்.

நான் அந்தத் தோட்டத்துத் தப்பால்காரன். தினம் லுணுகலைத் தபால் கந்தோருக்குப் போய்க் கடிதங்களோடு பாண், இறைச்சி, மரக்கறி எல்லாம் சுமந்து வருகிறவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. வேண்டாம் என்று சொல்லவும் வராது. ருசி பார்க்க இதைவிடத் தோதான ஆள் கிடைப்பானா?

குலுக்கையா நாடி பிடிக்கிறவர் மாதிரி கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பார். “இப்ப ஒரு வாய் சாப்பிடு. மெல்லு. விழுங்காதை! இப்ப ஒரு மிடறு. ஆ, இப்ப விழுங்கு.” ஊற்றித் தருவதும் கோடு போட்ட மருந்துக் கிளாஸில்தான். சாப்பாடு முடிவதற்குள் எனக்கே காய்ச்சல் வந்தது போலிருக்கும்.

ஒரு நாள் கிளாக்கர் வந்தார். “சாப்பாடு கிடக்கட்டும், கிளாஸைக் குடுங்க” என்றார். குலுக்கையா கிளாஸைப் பிடுங்கிவிட்டார்.

“சும்மா குடிக்கிறதெண்டால் தவறணைக்குப் போங்கோ. இது வீடு.”

“அங்க போனா இந்தப் பாயாசமெல்லாம் கலக்க மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே கிளாக்கர் போனார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. தாய் தகப்பன் இல்லை. அதுவரை இரண்டு பெண் வீட்டார் வந்து பார்த்தார்கள். கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பையன் ஊமை என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக வந்த சம்பந்தம் பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள். அவளை நான் லுணுகலைக் கடையில் பார்த்திருக்கிறேன். கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் தோற்றுப்போய் மேலும் ஒரு துண்டு போட்டார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச இவள் ஒருத்தி போதும் என்று அன்றே மனதில் விழுந்துவிட்டது. இவளும் கை நழுவினால் வேறு யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியும்.

மாப்பிள்ளையைப் பார்க்கக் கங்காணி ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லியனுப்பினார். குலுக்கையா காதில் அது விழுந்தது.

“உன்ர லயத்தில என்னத்தைக் குடுப்பாய்? விருந்து என்ர வீட்டில. மூண்டு நாட்டுச் சாப்பாடு. மனுசன் அசந்துபோவார்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு வராதே.

கங்காணி கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக வந்து உட்கார்ந்தார். மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் போல இருந்தது. உள்ளே செம்பு குலுங்குகிற சத்தம். குலுக்கையா பிரான்ஸ் நாட்டுச் சூப்பையும் இரண்டு மருந்துக் கிளாஸ்களையும் கொண்டுவந்து வைத்தார். வருங்கால மாமனார் முன்னால் மாப்பிள்ளை குடிக்கலாமா? என் கிளாஸைத் தொடாமல் அப்படியே விட்டேன்.

கங்காணி தன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார்.

“என்னாங்கய்யா இது?”

“சாராயம்தான். தேசிக்காய், பாணி, கொஞ்சம் தண்ணி...”

“தண்ணியா?”

அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவருக்கு மூடி உடைக்காத போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைக்க வேண்டும். அவர் பார்க்க மூடியை உடைக்க வேண்டும். அதுதான் மரியாதை. உள்ளே வைத்துக் கலந்து கொண்டுவந்தால், யாரோ குடித்த மிச்சத்தில் தண்ணீர் ஊற்றித் தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். இத்தாலி வரை போய்வந்த மனிதருக்குப் பக்கத்து லயத்து மரியாதை தெரியவில்லை.

“மூடி ஒடைக்காத போத்தல் வைக்கத் துப்பில்ல. மருந்து குடிக்கிற கிளாஸ்ல தாறீங்க. நான் என்னா சீக்காளியா?” கங்காணி எழுந்து குடையை எடுத்துவிட்டார்.

“கோவியாதேங்கோ, இருங்கோ. சூப் ஆறுது! முதல்ல ஒரு வாய், பிறகு ஒரு மிடறு...”

“யோவ், ஒன்னயப் பத்தித் தெரியாதா? ஆஸ்பத்திரி மருந்துலயும் தண்ணி, விருந்துச் சாராயத்துலயும் தண்ணி. தண்ணி வித்துப் பொழைக்கிற ஆளு!”

குலுக்கையா செம்பைப் பிடித்தபடி நின்றார். அதன் மூடியைக் கழற்றித் திரும்பவும் போட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை.

“மருந்துல தண்ணிதாங்க” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். “நான் மழையில நனைஞ்சு காய்ச்சல்ல கெடந்தப்ப, கஞ்சி காச்சி லயத்துக்குத் தூக்கிட்டு வந்து ஊட்டிவிட்டாரு. அந்தக் கஞ்சியிலயும் தண்ணிதாங்க. கஞ்சிக்கு இதுதான் சேரும்னு மல்லி அவிச்சுக் கொண்டாந்தாரு. அதுலயும் தண்ணிதாங்க. ஆனா எனக்குத் தூக்கிட்டு வர வேற ஆளு இல்லீங்க. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. பொண்ணு குடுக்காட்டியும் பரவாயில்ல.”

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன்டா, நீ ஊமைன்னாங்க?”

நான் பழையபடி தலையை ஆட்டினேன்.

“பேச வருதான்னு பாத்துட்டுப் போகத்தானே நான் வந்தேன்!” என்று குடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். “கொண்டாங்கய்யா ஒங்க இடியப்பத்த.”

அதன் பிறகு இத்தாலியும் சீனாவும் போன இடம் தெரியவில்லை. குலுக்கையா கடிகாரத்தைப் பார்த்து “இப்ப ஒரு மிடறு” என்பதற்குள் கங்காணி மூன்று மிடறு முடித்திருப்பார். செம்பை நிரப்பக் குலுக்கையா உள்ளே போன நேரத்தில், கங்காணி தன் கிளாஸ் காலியானதும் எட்டி என் கிளாஸையும் எடுத்து ஊற்றிக்கொண்டார். “நல்லாத்தான்யா இருக்கு, பிள்ளைங்க மருந்து மாதிரி” என்று மீசையைத் துடைத்தார்.

அந்தத் தையிலேயே கல்யாணம் முடிந்தது. இன்று வரை வீட்டில் அவள்தான் பேசுகிறாள்.

அந்த விருந்தன்று பாத்திரம் எடுக்க வந்த குலுக்கையா என் கிளாஸ் காலியாக இருப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான். ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போகும் வரை, தோட்டத்தில் கண்டவர்களிடமெல்லாம் அதே கதை: “ஊமைப் பெடியன். என்ர ஒரு கிளாஸ் உள்ள போச்சுது, நாக்கு அவிண்டிட்டுது. வெறும் சாராயத்தால வருமே? சூப்புக்குச் சரியான சோடி அது!” பதுளையில் நான் அவரை ரயிலேற்றிவிடப் போனபோதும் பிளாட்பாரத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “என்ன தம்பி, நான் சொல்லுறது சரிதானே?” என்றார்.

“ஆமாங்கய்யா, ஒங்க கிளாஸ்தான்” என்றேன்.

வாயைத் திறந்தே சொன்னேன்.