வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

பதினேழு.

வயது அல்ல, அவருக்கு வயது முப்பத்தாறு. 1939-ஆம் வருஷம் தை பிறந்ததிலிருந்து வைகாசி முடிய ஸ்ரீமான் நாகராசு புதுக்கோட்டை டவுனில் பார்த்து முடித்த வாடகை வீடுகளின் எண்ணிக்கை அது. அவற்றில் எத்தனைக்குக் குடிபோனார் என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

நம்மிடையே 'கேட்டுச் சொல்கிறவர்' என்று ஓர் இனம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. எல்லோரையும் போல் வேட்டி கட்டுவார்கள், குடை பிடிப்பார்கள், காப்பி கிளப்பில் டிகிரி காப்பி கேட்பார்கள். ஆனால் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் மட்டும் அவர்கள் வாயிலிருந்து வராது. மனசுக்குள் நூறு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் வாடக்கூடாதே என்ற பெருங்கருணையினால், தலையைக் கொஞ்சம் சாய்த்து, செருப்பைத் தேடிக்கொண்டே, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். கேட்க மாட்டார்கள். சொல்லவும் மாட்டார்கள்.

நாகராசு இந்த இனத்தில் உயர்ந்த ரகம்.

குளத்தூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவரைத் தை மாதம் புதுக்கோட்டைக் காலேஜ் ஆபீஸுக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வீடு கிடைத்துவிடும் என்று குளத்தூர் வீட்டைக் காலி செய்தார். மனைவி சொர்ணவல்லியையும் ஏழு வயதுப் பெண்ணையும் அதே ஊரில் இருந்த மைத்துனர் வீட்டில் ஓர் அறையில் விட்டார். தாம் மட்டும் புதுக்கோட்டைக்கு வந்து, ஆபீஸ் சகா செபமாலையின் மாடி அறையில் ஒரு பாயும் தலையணையுமாகப் படுத்துக்கொண்டு, மறுநாளே வீடு தேடப் புறப்பட்டார்.

காலேஜுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு வேண்டும். நியாயமான ஆசைதானே? ஆனால் நாகராசுவின் நடை தூரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. சாப்பிட்டு எழுந்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினால், அது மென்று முடிவதும் காலேஜ் கேட் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் பற்களின் வேகத்துக்கு அது சரியாக ஏழு நிமிஷம். ஐந்து நிமிஷ வீடு என்றால் பாதி வெற்றிலையைத் துப்ப நேரும். பத்து நிமிஷ வீடு என்றால் மூன்று நிமிஷம் வெறும் வாயோடு நடக்க வேண்டும். இதற்காக எதிர்ப்பட்ட வீட்டிலிருந்தெல்லாம் காலேஜ் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். கூட நடந்து கால் ஓய்ந்த செபமாலை ஒரு நாள் நடுவீதியில் நின்றுவிட்டார்.

"அண்ணே, நீங்க குடியிருக்க வீடு பாக்குறீங்களா, இல்ல பந்தயத்துக்குப் பழகுறீங்களா?"

"நெதம் நடக்கப்போறது நானுல்ல செபமாலை?"

"நடங்க. நல்லா நடங்க. வீடு கெடைக்கிறதுக்குள்ள ரிட்டயராகி, காலேஜுக்கே போக வேணாம்னு ஆயிரப்போவுது."

தூரம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? உள்ளே நுழைந்ததும் சுவரைத் தட்டிப் பார்ப்பார், வைத்தியர் நெஞ்சைத் தட்டுகிறாற்போல. உத்தரத்தை அண்ணாந்து பார்த்து 'ம்' என்பார். கிணற்றில் ஒரு வாளி இறைத்து, ஒரு கை அள்ளி, வாயில் வைத்துக் கொப்பளித்து, கண்ணை மூடிக்கொள்வார். ஜன்னலைத் திறந்து மூடுவார், மூடித் திறப்பார். சித்திரையில் வெயில் எந்தப் பக்கம் விழும், ஐப்பசியில் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், பக்கத்து வீட்டு ஆடு எப்போது கத்தும் என்றெல்லாம் விசாரிப்பார். வீட்டுக்காரர்கள் இவ்வளவு அக்கறையுள்ள மனிதர் குடிவருவது பாக்கியம் என்று எண்ணி மோர் கொடுப்பார்கள். குடிப்பார். பிறகு செருப்பைத் தேடுவார்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்."

இதோடு போயிருந்தால் பாதகமில்லை. புதுக்கோட்டை என்ன பட்டணமா, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு? ராஜவீதி, இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று நூல் பிடித்தாற்போலப் போட்ட ஊர். எந்த மூலையில் திரும்பினாலும் ஒரு வீட்டுக்காரர் எதிரே வருவார். "என்னங்க, வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். அப்போது நாகராசு என்ன செய்வார்? முகம் வாடவிடலாமா?

"நமக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க. அவங்கதான் கெணத்துத் தண்ணி உப்புங்குறாங்க."

இன்னொருவரிடம் அடுப்பங்கரை இருட்டு என்றார். வேறொருவரிடம் வாசற்படி வழுக்குகிறது என்றார். எல்லாம் 'அவங்க' சொன்னதுதான். அந்த 'அவங்க' இருபது மைலுக்கு அப்பால், ஒரு வீட்டின் வாசற்படியையும் பார்க்காமல், அண்ணன் மனைவியோடு ஒரே அடுப்பைப் பங்கு போட்டுக்கொண்டு, 'வீடு கிடைத்ததா?' என்று வாராவாரம் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது வீட்டின் கதையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் வீதியில் கண்ணாத்தாள் வீட்டுப் பின்கட்டு அது. புருஷன் ரங்கூனில், கண்ணாத்தாள் முன்கட்டில் தனியாக இருந்தாள். காலேஜுக்குச் சரியாக ஏழு நிமிஷம். தண்ணீர் இனிப்பு. சுவர் கெட்டி. ஜன்னல் இரண்டு. நாகராசு அரைமணி நேரம் குற்றம் தேடினார், அகப்படவில்லை. பயந்துபோனார். ஒரு குற்றமும் இல்லாத வீட்டில் ஏதோ பெரிய குற்றம் இருக்கத்தானே வேண்டும்? அதோடு, இதை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது? வழக்கப்படி கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்துக் கடைவீதியில் கண்ணாத்தாள் மடக்கியபோது அவர் நினைவுக்கு வந்தது கொல்லையில் நின்ற முருங்கை மரம் ஒன்றுதான்.

"முருங்கையில பேய் இருக்கும்னு அவங்க பயப்படுறாங்கங்க."

இப்படியாக வைகாசி இருபத்தைந்து ஆயிற்று. அன்று வந்த கார்டில் சொர்ணவல்லி கேள்வி கேட்கவில்லை.

'அண்ணியின் தங்கச்சி ஆனி பிறந்ததும் பிரசவத்துக்கு இங்கே வருகிறது. என் அறையை ஒழித்துத் தர வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் குடிபோக முடியாது. வைகாசி முப்பது, திங்கட்கிழமை நல்ல நாள். அதை விட்டால் ஆவணிதான். அதுவரை நானும் குழந்தையும் நிற்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பானை சட்டியோடு வருகிறேன். எந்த வீடு என்று மட்டும் சொன்னால் போதும்.'

செபமாலை கார்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எந்த வீடுண்ணே?"

"பதினேழு இருக்கே. அவளே வந்து ஒண்ண எடுத்துக்கட்டும்" என்றார் நாகராசு. அவர் குரலில் ஒரு பெருமை கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. மூட்டைகளையும் குழந்தையையும் மாடி அறையில் செபமாலையிடம் ஒப்படைத்துவிட்டுப் புருஷனும் மனைவியும் ஒன்பது மணிக்கு இறங்கினார்கள்.

முதல் வீடு, இரண்டாம் வீதி மூக்கன் வீடு. மூக்கனின் மனைவி செவந்தி கதவைத் திறந்தாள். நாகராசுவைப் பார்த்தாள், பின்னால் நின்ற சொர்ணவல்லியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஓகோ! எங்க கெணத்துத் தண்ணி உப்புன்ன மகராசி நீதானா?"

"நானா?" என்றாள் சொர்ணவல்லி.

"வந்து குடிச்சுப் பாக்காமயே ருசி சொல்லிட்டியே ஆத்தா! குளத்தூர்ல என்ன, வாய்க்கா வாய்க்காவாப் பன்னீரா ஓடுது? வீடு விட்டாச்சு. போங்க அங்கிட்டு."

இரண்டாவது, பெரியண்ணன் வீடு. அவர் வாசலில் நின்றபடியே, "எங்க அடுப்பங்கரை இருட்டும்மா. ஒங்களுக்குக் கண்ணு கெட்டுப்போகும்" என்று மிக மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மூன்றாவது வீட்டில், "வாசப்படி வழுக்கும், பாத்து எறங்குங்க" என்றார்கள். நான்காவது வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தாலும், அந்த வீதிகளின் பெண்கள் எல்லோரும் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீருக்கு ஒரே குளத்துக்குத்தான் போகிறவர்கள். ஐந்து மாதமாகக் குளத்துப் படியில் குடத்தை வைத்துக்கொண்டு, யார் வீட்டில் குளத்தூர்க்காரி என்ன குற்றம் சொன்னாள் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். டவுனில் காலடி வைக்கும் முன்பே சொர்ணவல்லிக்கு இவ்வளவு புகழ்!

ஐந்தாவது வீட்டுக்குப் போகும் வழியில் அவள் நின்றாள்.

"என்னங்க. நான் எப்பங்க இந்த வீட்டையெல்லாம் பாத்தேன்?"

நாகராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருக்கு உதவவில்லை.

"அது வந்து சொர்ணம்... மூஞ்சிக்கு நேரா எப்படி வேணாங்குறது? மனசு சங்கடப்படுவாகள்ல?"

"அவுக மனசு சங்கடப்படக் கூடாது. எம்பேரு சந்தி சிரிக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். நின்று திட்டியிருந்தால் நாகராசுவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிற்பகல் நான்கு மணிக்குள் பதினாறு வீடுகள் முடிந்தன. அவற்றில் பதினோரு வீடுகளில் வேறு ஆள் குடிவந்திருந்தது. மற்ற ஐந்திலும் வீடு காலிதான், இவர்களுக்கு இல்லை. குழந்தையும் மூட்டைகளும் மாடி அறையில். பொழுது விடிந்தால் நல்ல நாள். அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு நாள் கிடையாது. மிச்சம் இருந்தது, நாகராசு வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவைத்த கண்ணாத்தாள் வீடு.

கண்ணாத்தாள் இவர்களைக் கண்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"வாங்க. பேய்க்குப் பயந்த அம்மாவா? இங்க தெனமும் உச்சிக்குப் பன்னண்டு பேய் எறங்கும்மா. ஒனக்குத் தாங்காது. வந்த வழியே போ."

நாகராசு செருப்பைத் தேடினார். சொர்ணவல்லி போகவில்லை. நேரே கொல்லைக்கு நடந்து முருங்கை மரத்தடியில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். தாழ்ந்திருந்த கிளை ஒன்றைப் பிடித்து வளைத்தாள்.

"அக்கா, கீரை பறிச்சுக்கிறவா? காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. கொழந்தைக்கும் எதாச்சும் ஆக்கணும்."

கண்ணாத்தாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "பேயி?"

"அது என்கூட ஒம்பது வருஷமாக் குடித்தனம் பண்ணுதுக்கா. இந்தா, வாசல்ல நிக்குது பாருங்க, குடையோட."

கண்ணாத்தாள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு, ஒரு முறத்தையும் எடுத்து வந்து கொடுத்தாள்.

"சரி, பின்கட்டு ஒனக்குத்தான். காலையில பாலக் காச்சு. ஆனா ஒண்ணு, ஒரு வார்த்த ஒன் வீட்டுக்காரர் வாயாலயும் சொல்லணும். நாளைக்கு நீ வந்து, அவருக்குப் புடிக்கலையாம்னு சொல்லக் கூடாதுல்ல?" வாசல் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வீடு எடுத்துக்கிறீங்களா? உண்டா, இல்லையா?"

பாருங்கள், ஒரே ஒரு சொல். 'உண்டு' என்றால் தீர்ந்தது. ஐந்து மாதம் நடந்து, பதினேழு கிணறு கொப்பளித்து, கடைசியில் எல்லாம் கூடிவந்து நிற்கிற நேரம். நாகராசு குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தலை தானாகச் சாய்ந்தது. கால் தானாகச் செருப்பைத் தேடியது.

"வீட்டில் கேட்டுச்..." என்றார்.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"...உண்டுங்க" என்றார்.

இந்த மனிதரைப் பார்த்து நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம் கோயில் திருப்பணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர்களிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? உங்கள் பையனுக்குப் பெண் தர வந்த வல்லத்திராக்கோட்டைக்காரரிடம் யாருக்கு ஜாதகம் திருப்தியில்லை என்றீர்கள்? அந்த 'அவங்க' அப்போது அடுப்படியில் ஒன்றும் அறியாமல் உங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்கவில்லையா? சம்பந்தப்பட்டவர் இந்தப் பக்கத்தைப் படிக்குமுன் மடித்து வைத்துவிடுவது நல்லது.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பின்கட்டில் பால் பொங்கியது. ஒன்பதே முக்காலுக்கு நாகராசு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு இறங்கினார். காலேஜ் கேட்டில் அது சரியாக முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, பதினாறு வீட்டுப் பெண்களும் தண்ணீருக்கு வருகிற நேரமாகப் பார்த்து, சொர்ணவல்லி கண்ணாத்தாளையும் கூட்டிக்கொண்டு குடத்தோடு குளத்துக்குப் போனாள்.