அப்பா படத்தில் விழுந்த வானம்

வாழ்நாளில் நான் ஒரே ஒரு நாத்திகரைத்தான் ஆத்திகராக மாற்றியிருக்கிறேன். அவர் என் அப்பா. மாற்றியபோது அவர் உயிரோடு இல்லை.

எண்பதுகளின் கடைசி. சிட்லபாக்கத்தில் வீடு. இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்றால் அக்கா இன்றும் சிரிப்பாள்.) தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் கிடைக்கும். அவற்றிலிருந்து கத்தரித்த வண்ணப் படங்கள் என் அறைச் சுவர் முழுக்க இருந்தன. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, சனியின் வளையங்கள், தீப்பிடித்த பஞ்சுமிட்டாய் மாதிரி ஏதோ ஒரு நெபுலா. இதே மாதிரி நாமும் எடுத்துவிடலாம் என்று மனதார நம்பினேன்.

“மேலயே பாத்துகினு இருந்தா எவன்டா வேலை குடுப்பான்?” என்பார் அப்பா. ரயில்வேயில் ஃபிட்டர். கறுப்புச் சட்டைக்காரர். முப்பது வருடமாக அம்மா தினமும் விபூதிக் கிண்ணத்தை நீட்டுவாள். “வாசல்ல கோலம் போட்டாச்சுல்ல, என் நெத்தியில வேற எதுக்கு?” என்று அவரும் முப்பது வருடமாகத் தள்ளிவிடுவார்.

கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறவர், ரிடையரான அன்று மட்டும் மாட்டிக்கொண்டார். அக்காவின் கணவர், அத்தான், ஒரு ரோல் முழுக்க அவரை எடுத்துத் தள்ளினார். பிறகு ரோலைக் கழற்றி கேமராப் பையிலேயே போட்டுவிட்டு மறந்துபோனார்.

அடுத்த வாரம் அந்தக் கேமராவை நான் இரவல் வாங்கினேன். பையில் நுனி வெளியே நீட்டியபடி ஒரு ஃபிலிம் ரோல் கிடந்தது. புது ரோல் டப்பாவுக்குள்தான் இருக்கும் என்பது இயற்பியல் படித்த எனக்குத் தோன்றவில்லை. நமக்காகவே வாங்கி வைத்திருக்கிறாரே அத்தான் என்று நெகிழ்ந்துபோனேன்.

ஒரு வாரம், சாயங்காலம் ஏழரை மணிக்குக் கரண்ட் போகும்போதெல்லாம் மொட்டை மாடிக்கு ஓடினேன். கேமராவை மல்லாக்கப் படுக்கவைத்து, ஷட்டரைப் பத்துப் பத்து நிமிடம் திறந்துவைத்தேன். ரோல் தீர்ந்ததும் அலமாரியில் பத்திரப்படுத்தினேன்.

மார்ச்சில் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நாற்காலியிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

சடங்கு எதுவும் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் அவருடைய நண்பர் துரைசாமி ஐயா, அடுத்த ஞாயிறு படத்திறப்பு என்று முடிவு செய்தார். திறக்கப் படம் வேண்டுமே?

“ரிடையர்மென்ட் ரோல் இருக்கே! கேமரா பையிலதான் வெச்சேன்” என்றார் அத்தான்.

நான் வானத்தை எடுத்த அதே ரோல். அலமாரியிலிருந்து ரோலை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். சனிக்கிழமை சாயங்காலம் பிரிண்டுகளை மேஜைமேல் பரப்பிய ஸ்டுடியோக்காரர், “எடுத்த ரோல்லயே மறுபடியும் எடுத்துகீறீங்களே தம்பி. எல்லாம் போச்சு” என்றார்.

பூனை பிராண்டிய மாதிரி எல்லாப் படங்களிலும் முகத்தின்மேல் நட்சத்திரக் கோடுகள். ஒன்றே ஒன்று மட்டும் தேறியது. அதில் அப்பா மாலையோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் லேசான புகை. நெற்றியில், கொஞ்சம் சாய்வாக, மூன்று வெள்ளைக் கோடுகள்.

“டச்சப் பண்றவரு ஊருக்குப் போயிருக்காரு. நாளைக்கே வேணும்னா இதான் கீது.”

ஞாயிறு காலை, எங்கள் கூடம் முழுக்கக் கறுப்புச் சட்டைகள். துரைசாமி ஐயா முன்னால் வந்தார். “சாகற வரைக்கும் கொள்கையில ஒரு அங்குலம் அசையாத மனுஷன்!” என்று சொல்லித் துணியை விலக்கினார்.

படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா இது? பட்டை போட்டு வெச்சிருக்க?”

“பட்டை இல்லீங்க ஐயா. நட்சத்திரம். வரிசையா மூணு இருக்கும்ல, திருவாதிரைக்குப் பக்கத்துல...”

“திருவாதிரையா? அது சிவனோட நட்சத்திரம்டா!”

(அடையாளம் சொல்ல எனக்கு வேறு நட்சத்திரமே கிடைக்கவில்லையா?) பின்வரிசையில் இரண்டு பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்பா போனதிலிருந்து வாய் திறக்காத அம்மா, அடுக்களையிலிருந்து வந்து படத்தின் முன் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “முப்பது வருஷம் கெஞ்சினேன்...” என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நன்றாகத் தெரிகிற படம் எங்களிடம் இனி ஒருபோதும் இருக்காது.

அன்றே சுவரிலிருந்த கேலக்ஸிகளைக் கிழித்துப் போட்டேன். டச்சப் செய்ய அம்மா கடைசிவரை விடவில்லை. குடும்பத்தில் என் பெயர் ‘அப்பனுக்கே பட்டை போட்டவன்’ என்று நிலைத்துவிட்டது. என் கல்யாணத்தில் அத்தான் மைக்கைப் பிடித்தே அதைச் சொன்னார்.

ஒவ்வொரு நினைவு நாளுக்கும் துரைசாமி ஐயா வருவார். என்னோடு பேசமாட்டார். ஒரு சாமந்திப் பூவை எடுத்து, கோடுகள் மறையும்படி படத்தின் நெற்றியில் சொருகிவிட்டுத்தான் உட்காருவார். அவர் கேட்டைத் தாண்டியதும் அம்மா அதை எடுத்துக் கீழே வைப்பாள். ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் இந்தச் சண்டை பல வருடம் நடந்தது.

பிறகு ஒரு வருடம் அவர் வரவில்லை. இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது தெரிந்திருந்தும் அன்று சாயங்காலம்வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து போய், ஒரு சாமந்தியை எடுத்து, அப்பாவின் நெற்றி மறைய அவளே சொருகினாள்.