பட்டறை முடியட்டும்

வேலை செய்கிறவரை உங்களுக்குத் தெரியும். செய்யாமல் ஓபி அடிக்கிறவரையும் தெரியும். அநேகமாக உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். இந்த இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. இவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையிலிருந்து சாயங்காலம்வரை வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டே இருப்பார், மூச்சு வாங்கும், இடுப்பில் அளவு நாடா தொங்கும், காதில் பென்சில் செருகியிருக்கும். ஆனால் வேலை? அதற்குத்தானே ஐயா இவ்வளவு ஏற்பாடும் நடக்கிறது!

சுவரில் ஒரு படம் மாட்டவேண்டும் என்று வையுங்கள். இவர் முதலில் ஆணிகளைத் தரம் பிரிப்பார். பிரித்த ஆணிகளைப் போட டப்பாக்கள் வேண்டும்; டப்பாக்கள்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும்; ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் போனால், பசை இருக்கும் அலமாரியே கொஞ்சம் கோணலாக நிற்பது கண்ணில் படும். அலமாரியை நிமிர்த்தாமல் மனிதன் எப்படி நிம்மதியாக இருப்பான்? படம் மட்டும் மூலையில் சாய்ந்தபடி, தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கும்.

நம் ஆள் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். அங்கே அவருக்கு 'ஏற்பாட்டார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையின் கால் ஒன்று ஆட ஆரம்பித்தது. அவர் மனைவி மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். ஒரு மாத்திரை கூடாமல் குறையாமல் எண்ணிப் பழகிய கை. பேச்சும் அதே அளவுதான்.

"ஏங்க, மேசைக் கால் ஆடுது. கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அரைமணி நேரம் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது. கால் சரியாகிவிட்ட பிரகாசம் அல்ல அது, அதைவிடப் பெரியது.

"இதைச் சும்மா தட்டிக் கொட்டி வைக்கக் கூடாதும்மா. முறையா செய்யணும். முறையா செய்யணும்னா ஒரு வேலை மேசை வேணும். வேலை மேசை போட இடம் வேணும்."

"கார் ஷெட்ல வச்சுச் செய்யுங்களேன்."

"கார் ஷெட்லயா?" என்று கேட்டுவிட்டு ஏற்பாட்டார் சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. "அங்க கார் இருக்கே."

அன்று மத்தியானமே கார் தெருவுக்கு வந்துவிட்டது. திரும்ப உள்ளே போகவில்லை.

கார் போன ஷெட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பத்தாது. கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு வரைபடம் போட்டார்; மறுநாள் அதைத் திருத்தி இன்னொன்று; ஏழாவது வரைபடம் தயாரானபோது பின்சுவர் ஆறடி பின்னால் போயிருந்தது, காகிதத்தில். கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொத்தனார் பெரிய பொறுமைசாலி. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"ஆறடி தள்ளணும். அவ்வளவுதானே சார்?"

"ஆறடின்னு வைங்க."

சுவருக்குக் குழி தோண்டிய அன்று அது ஒன்பது அடி ஆனது. நீளமான பலகையைத் திருப்ப வேண்டாமா? கல் வந்து இறங்கிய அன்று பதினோரு அடி. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், இதுக்கு மேல தள்ளினா பக்கத்து வீட்டுச் சமையலறை வந்துரும்."

ஏற்பாட்டார் பக்கத்து வீட்டுச் சமையலறையை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டுத்தான் கொத்தனார் அவசர அவசரமாக முதல் கல்லை வைத்தார்.

பட்டறை வளர வளர வீடு சுருங்கியது. துணி காயப்போடும் கொடி இருந்த இடத்தில் சுவர் எழும்பியதால் துணிகள் வீட்டுக்குள் வந்தன. தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் ஈரத் துண்டுகளை விலக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஷெட்டில் கிடந்த ஏணி படுக்கையறைக்கும், பெயின்ட் டப்பாக்கள் குளியலறைக்கும், மகளின் சைக்கிள் அவள் கட்டில் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தன. கல்லூரிக்குப் போகிற பெண். வாய் கொஞ்சம் அதிகம்.

"அப்பா, பட்டறைல எனக்கு ஒரு பெட்ரூம் கிடைக்குமா?"

"பட்டறை முடியட்டும்மா, பார்க்கலாம்" என்றார் அவர், வேறு ஏதோ யோசனையில்.

இந்த இனத்தின் தாரக மந்திரம் இதுதான். குழாய் சொட்டுகிறதா? பட்டறை முடியட்டும். ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டதா? பட்டறை முடியட்டும். மேசைக் கால்? அதைக் கேட்கவே வேண்டாம், பட்டறையே அதற்காகத்தானே!

மேசை ஆடிக்கொண்டிருந்தது. முதலில் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துப் பார்த்தார்கள். ஆட்டம் அடியில் இல்லை, மேலே பொருத்தில். ஆகவே யாராவது ஒருவர் சாப்பிடும்போது முழங்காலால் மேசைக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. திங்கள் அம்மா, செவ்வாய் மகள் என்று முறை வைத்தார்கள். ஏற்பாட்டாரின் முறை வரும் நாட்களில் அவருக்குத் திடீரென்று பட்டறையில் ஏதாவது அளக்கவேண்டி வந்துவிடும்.

"அம்மா, மேசைக்கு முட்டுக் குடுக்கறேன். அதோட சேர்த்து அப்பாவுக்கும் முட்டுக் குடுக்கச் சொல்லாதே" என்றாள் மகள்.

ஐந்தாவது மாதம் தொலைபேசி மணி அடித்தது. மனைவியின் அக்கா பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் கணவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம்.

இந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. கல்யாணமான புதிதில், ஏற்பாட்டார் ஒரு கடிகாரம் மாட்ட ஆள் கூப்பிட்டதைப் பார்த்துவிட்டு, "ஆணி அடிக்கக்கூட ஆள் தேடுற மாப்பிள்ளையா?" என்று தங்கையிடம் கேட்டிருந்தாள். அடுத்த அறையில் இருந்தவர் காதில் அது விழுந்தது. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் வெளியே வரவில்லை. உள்ளபடி சொன்னால், முதல் சுத்தியலை அவர் வாங்கியதே அதற்கு மறுநாள்தான்.

"அவங்க வர்றதுக்குள்ள மேசையைச் சரி பண்ணிடுங்க. அக்கா மடியில சூப் கொட்டிச்சுன்னா, அப்புறம் நான் பொறுப்பில்ல" என்றார் மனைவி. அவர் கணக்குக்கு இது நீண்ட சொற்பொழிவு.

ஏற்பாட்டார் புயலானார். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டார். சனிக்கிழமை காலையில், நம்பினால் நம்புங்கள், பட்டறை முடிந்துவிட்டது!

கதவைத் திறந்து காட்டியபோது மனைவியும் மகளும்கூட வாசலிலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சுவர் நெடுக வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்பில் கோடிழுத்து, கோட்டுக்குள் கச்சிதமாக அந்தக் கருவி. ரம்பம் ரம்பத்தின் நிழலில், உளி உளியின் நிழலில். தரை முழுக்கச் சாம்பல் நிறப் பெயின்ட். முகம் பார்த்துத் தலை சீவலாம். நடுவில், கனமான மரத்தில், இடுப்புக்கு மேல் உயரத்தில், வேலை மேசை. அதை அவரே செய்திருந்தார். தரைக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், மூன்று வாரம், யாரையும் உள்ளே விடாமல். மகள் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அப்பா, நிஜமாவே நல்லா இருக்குப்பா" என்றாள். அவள் குதித்த இடத்தை அவர் சட்டை நுனியால் துடைத்தார்.

அப்பாவும் மகளுமாகச் சாப்பாட்டு மேசையைத் தூக்கிவந்து வேலை மேசைமேல் கவிழ்த்துப் போட்டார்கள். மகள் போனபின் அவர் உப்புத்தாளை எடுத்து, கழன்ற காலின் முனையில் சர் சர் என்று இரண்டு தேய் தேய்த்தார்.

மரத்தூள் பறந்தது. பறந்து, மெதுவாக, அந்தக் கண்ணாடித் தரைமேல் இறங்கியது.

ஏற்பாட்டார் நின்றுவிட்டார். துடைப்பம் எடுத்துப் பெருக்கினார், ஈரத்துணியால் துடைத்தார், மறுபடி ஒரு தேய். மறுபடி தூள். மறுபடி துடைப்பம். நான்காவது முறை துடைத்துவிட்டு நிமிர்ந்தவர் ஒரு முடிவுக்கு வந்தார். வேலை செய்தால் பட்டறை கெட்டுவிடும்!

பத்து நிமிடத்தில் மேசை தெருவில் இருந்தது, காருக்குப் பின்னால், கால்களை வானத்துக்கு நீட்டிக்கொண்டு. ஏற்பாட்டார் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்த்தார். பசை வேண்டுமா, பட்டறைக்கு நடை. சுத்தியல் வேண்டுமா, மறுபடி நடை. உள்ளே நுழையும்போதெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவைத்தார். எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார்.

"என்ன சார், வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க? பட்டறை இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிடுச்சு" என்றார் ஏற்பாட்டார், தலை நிமிராமல்.

பசை பூசிப் பொருத்தியாயிற்று. இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி வேண்டும். கவ்விகள் நான்கு சுவரில் வரிசையாகத் தொங்கின. எடுக்கக் கை போனது. எடுத்தால் அந்த இடம் பல் விழுந்த வாய்போலத் தெரியுமே! ஆகவே துணிக்கொடியின் கயிற்றை அறுத்துக் கட்டினார். அதற்கப்புறம்தான் பசை டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தார். முழுவதும் இறுக இரண்டு நாள் ஆகும், அதுவரை நகர்த்தக் கூடாது என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். காரைவிட்டு இறங்கியதும் அக்கா முதலில் பார்த்தது, கயிறு கட்டிய மேசை ஒன்று தெருவில் தலைகீழாகக் கிடப்பதை. ஒன்றும் கேட்கவில்லை. அவள் கணவர், அதாவது ஏற்பாட்டாரின் சகலை, ஒன்றும் கேட்காதவர் என்றே பெயர் வாங்கியவர்; 'ம்' என்ற எழுத்தோடு முப்பது வருட இல்லறத்தை நடத்திவிட்டார்.

"எங்கடி சாப்பிடறது?" என்றாள் அக்கா.

தங்கை ஒரு விநாடிதான் யோசித்தார். "பட்டறைல."

"பட்டறைலயா?" ஏற்பாட்டாரின் குரல் உடைந்தது. "சிந்துமேம்மா!"

அதற்குள் மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேலை மேசை நின்று வேலை செய்யும் உயரம். நாற்காலிகளோ சாதாரண நாற்காலிகள். ஐந்து பேரும் உட்கார்ந்தபோது தட்டுகள் மோவாய்க்கு நேரே வந்தன. சூப்பை வாய்க்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, தலையைச் சற்று முன்னால் நீட்டினால் போதும். ஏற்பாட்டார் சாப்பிடவில்லை. கையில் துணியோடு ஒவ்வொருவர் கரண்டியையும் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தார்.

அக்கா பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினாள். விரல் முட்டியால் மேசையைத் தட்டினாள். விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிள்ளைகளின் விடைத்தாளை அவள் இப்படித்தான் பார்ப்பாளாயிருக்கும்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் அக்கா."

"ஆள் வைக்காமலா?"

"ஆள் வைக்காமதான்."

"ஒரு ஆணி துருத்திக்கிட்டு இல்ல. உறுதியா இருக்கு தம்பி. நல்லா செஞ்சிருக்கீங்க."

ஏற்பாட்டார் கையிலிருந்த துணியை மடியில் போட்டார். இருபத்திரண்டு வருடம்! தலைமையாசிரியையின் கரண்டியிலிருந்து அப்போது ஒரு சொட்டு சூப் அந்தக் கண்ணாடித் தரைமேல் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. பார்க்கக்கூட இல்லை.

"இதே மாதிரி எங்க வீட்டுக்கு ஒரு சாப்பாட்டு மேசை செஞ்சு குடுங்களேன், கொஞ்சம் உயரம் குறைச்சு" என்றாள் அக்கா.

மனைவி கணவரைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். கருவி இருக்கிறது, இடம் இருக்கிறது, மரம் மிச்சம் இருக்கிறது, கேட்க ஆளும் வந்தாயிற்று. தப்பிக்க வழி ஏது?

ஏற்பாட்டார் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு தூள் பறக்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

"தாராளமா செய்யலாம் அக்கா. ஆனா இங்க செஞ்சு அங்க கொண்டு வர்றது முறையில்ல. உங்க வீட்லயே செய்யணும்." காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "உங்க கார் ஷெட் எத்தனை அடி?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்" என்றாள் அக்கா.

"பதினெட்டு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சகலை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

"பதினெட்டுக்குப் பத்து. பத்தாதுதான். ஆனா..." சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். கட்டம் போட்ட காகிதம். "பின்சுவரை இடிச்சா?"

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மேசைக் கால் திங்கட்கிழமை இறுகியது. இப்போது துளி ஆட்டம் இல்லை. அக்கா வீட்டுக் கார் தெருவில் நிற்கிறது. பின்சுவர் போனவாரம்வரை ஏழடி போயிருக்கிறது. சகலை இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறாராம்.

என்ன, சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கலாமா? இன்று நீங்கள் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருந்ததே, காலையிலிருந்து? அதற்கு உட்காருவதற்கு முன்னால், மனசு கொஞ்சம் லேசாகட்டும், ஏதாவது இரண்டு பக்கம் படித்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றுதானே இதைக் கையில் எடுத்தீர்கள்?