ஏரியில் அக்கி

மைசூர்,
மே மாதம், 1951

அன்புள்ள பிரகாசம் மாமாவுக்கு,

செலின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஏரியின் நாரைகளும் வாத்துகளும்தான் சுகமில்லை. ஆகையால் கால்நடை வைத்தியரான தாங்கள் சனிக்கிழமைக்குள் இங்கு வந்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏரி வெயிலில் தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. மீன் செத்து, பாசி அழுகி, மிச்சத் தண்ணீர் பச்சைப் பாயசம் போல நிற்கிறது. அதில் வாத்துகள் தலை கவிழ்ந்து மிதந்தன. தூங்குகின்றன, எழுப்பக் கூடாது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். மாலையில்தான் தெரிந்தது, அவற்றால் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. தம் நிழலுக்கு முத்தமிடுவது போலக் குனிந்து, அப்படியே மூழ்கிப்போயின. நூலகப் புத்தகத்தில் காரணம் இருக்கிறது: காற்றுப் புகாத சூடான சேற்றில் ஒரு நஞ்சு பிறக்கும், செத்த பறவையின் புழுவில் அது சேரும், அந்தப் புழுவைத் தின்ற பறவைக்குக் கழுத்து துவண்டுவிடும். நோய் பறவைக்கு இல்லை மாமா, ஏரிக்கு! ஆனால் பக்கத்து வீட்டு மாதம்மா, "சுட்டுத் தள்ளட்டும், பிடு, விட்டுடு கண்ணு, நமக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்கிறார். நகரசபையும் சனிக்கிழமை எல்லாப் பறவைகளையும் சுடப்போகிறதாம்.

உடனே நானே நகரசபைக்குக் கன்னடத்தில் ஒரு மனு எழுதி அனுப்பினேன். கன்னடத்தில் பறவை ஹக்கி, அரிசி அக்கி. இந்த ஊர்ப் பேட்டை ஹெப்பாளையே 'ஹ'வை விழுங்கி எப்பாள் என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். 'ஏரியில் ஏராளமான அக்கி அழிகிறது' என்று எழுதிவிட்டேன். நகரசபை அனுப்பி, வந்து நின்றவர் ரேஷன் இன்ஸ்பெக்டர் பசவராஜ்.

"அக்கி எவ்வளவும்மா இருக்குது?"

"கூட்டம் கூட்டமா சார். எல்லாம் வெள்ளை."

"வெள்ளை அக்கியா! யாருது?"

"ஆண்டவருது சார்."

"யாரு அந்த ஆண்டவரு? மண்டி வெச்சிருக்காரா?"

"கழுத்து தொங்கிப்போச்சு சார். தூக்கவே முடியல."

"மூட்டைன்னா அப்படித்தாம்மா."

பதுக்கல் அரிசியைத் தேடி ஆட்கள் ஏரியில் இறங்கி, அழுகின பாசி, செத்த மீன், செத்த வாத்து எல்லாவற்றையும் வாரிக் கரையேற்றினார்கள். வாய்க்கால் வாயில் நிஜமாகவே மூட்டைகள்! இன்ஸ்பெக்டர் ஆசையாக அவிழ்த்தார். மணல். யாரோ செங்கல் சூளைக்காரர் தண்ணீரைத் திருப்புவதற்காக அடுக்கியது. கோபத்தில் அத்தனையையும் பிடுங்கி எறியச் சொன்னார். யாரோ தூக்கத்தில் பேசுவது போல மெல்லத் தண்ணீர் வந்தது. என்னைத் திட்டியதில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை.

ஆனாலும் சனிக்கிழமை துப்பாக்கி வந்துவிடுமே! சுடக் கூடாது என்று தாங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

அத்தைக்கும், தங்களிடம் வைத்தியம் பார்க்கும் மாடுகளுக்கும் என் அன்பு முத்தங்கள்.

தங்கள் பிரியமுள்ள,
செலின்

பி.கு: வர வேண்டாம் மாமா. இன்ஸ்பெக்டர் நகரசபைக்குப் போன் செய்து, "அந்த ஏரியில் ஒரு அக்கியும் இல்லை" என்று கத்தினாராம். அங்கே கேட்டவர் ஹக்கி என்று குறித்துக்கொண்டு, பறவையே இல்லாத ஏரிக்குத் துப்பாக்கி எதற்கு என்று உத்தரவை ரத்து செய்துவிட்டார். ஆகவே எங்கள் ஏரியில் பறவைகளே கிடையாது. அந்த இல்லாத பறவைகள் இன்று மாலை புதுத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்துகின்றன. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.